தோன்றுவதெல்லாம் அருளா?



நாள்பூரா லேப்டாப் முன்னாடி முட்டி மோதியும் கிடைக்காத விடை, ஒண்டிக்கடையில் டீ கிளாஸோட சும்மா நிற்கும்போது வந்துடும். "முருகன் கொடுத்தான்"னு உடனே சொல்லிடுறோம். சொல்லலாமா?

மூளை ஆய்வாளர்கள் மூன்று வலையமைப்புகளைச் சொல்கிறார்கள். ஒன்று, நாம் சும்மா இருக்கும்போது நினைவுகளையும் கற்பனைகளையும் கோத்துக்கொண்டே இருப்பது. மார்கஸ் ரெய்க்கிள் குழு 2001-ல் இந்த இயல்புநிலையை விளக்கியது. இரண்டாவது, கவனம் வைத்துச் சரிபார்ப்பது. மூன்றாவது, வந்ததில் எது முக்கியம் என்று பொறுக்கி எடுப்பது. பொதுவாக முதலாவது எழுந்தால் இரண்டாவது அடங்கும். ஆனால் ரோஜர் பீட்டி குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், புதுசா யோசிப்பவர்களிடம் இந்த மூன்றும் வலுவாக இணைந்திருப்பது தெரிந்தது.

அருணகிரிநாதரை முருகப்பெருமான் சும்மா இருக்கச் சொன்னார் என்பது மரபு. பிறகு பிறந்த திருப்புகழிலோ சந்தம் அவ்வளவு கறாராக நிற்கிறது. ஊற்றும் உண்டு, கரையும் உண்டு. (நம்ம முன்னோர் அப்பவே ஸ்கேன் பார்த்தாங்கன்னு சொல்ல வரலை!)

சேலத்துக்குத் தெற்கே நாமக்கல் நாமகிரித் தாயார்தான் தனக்குக் கணிதம் அருளினார் என்று நம்பியவர் ராமானுஜன். 1913-ல் அவர் ஹார்டிக்கு எழுதியவற்றில் பல, உலகை வியக்க வைத்தன. பகா எண்கள் பற்றிய சில முடிவுகள் தவறாகவும் இருந்தன. ஹார்டி நிரூபணம் கேட்டார். அப்படிக் கேட்டது தாயாரை அவமதித்தது ஆகுமா? ஆகாது. கிடைத்தது பொன்னா என்று உரைத்துப் பார்ப்பதும் பக்திதான்.

இங்கேதான் நமக்கு ஆபத்து. மனசில் தோன்றியதை எல்லாம் "சாமி உத்தரவு"ன்னு சொல்லி, யாரும் கேள்வி கேட்க முடியாம ஆக்கிடுறோம். ஒரு கல்யாணத்தை நிறுத்தவும், ஒரு உறவை முறிக்கவும்கூட அந்த வார்த்தை போதுமாகிடுது. என் வேலையில் தோணுற விடைகளில் பாதி டெஸ்ட்டில் நிக்காது. அதுக்காக முருகன் பொய் சொன்னான்னு அர்த்தமா? என் நினைவுகளும் ஆசைகளும் கோத்த மாலையும் அதே வாசல் வழியாத்தான் வருது.

அப்போ அருள் எங்கே? எந்த நரம்பு வழியா வந்ததுன்னு அறிவியல் சொல்லலாம். வந்ததை "என் திறமை"ன்னு நான் மார்தட்ட முடியாதுன்னும் அதுவே காட்டுது, ஏன்னா நான் கூப்பிட்டு அது வரலை. ஆனா சோதிச்சுப் பார்க்கும் வேலை என்னுடையது. சும்மா இருக்கும் மனசையும் அவன்தான் கொடுத்தான், சரிபார்க்கும் அறிவையும் அவன்தான் கொடுத்தான். ஒன்றை மட்டும் அருள்னு சொல்லி மற்றதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்!