அடங்காத ஆ

இரவு. விளக்கை அணைத்தாயிற்று. ஹெட்போன் காதில். பாட்டு இன்னும் தொடங்கவில்லை.

*

முதலில் ஒரு துடிப்பு. மூக் சிந்தசைசரில் எடுத்த ஒலி. மெல்ல, அடியிலிருந்து வருகிறது. எது பாட்டினுடையது, எது என் நெஞ்சினுடையது என்று கொஞ்ச நேரம் பிரிக்க முடியவில்லை.

*

பிறகு "ஆ".

வாய் திறந்தால் தானாக வருகிற ஒலி.

*

எழுபதுகளின் நடுப்பகுதி. இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட். ஸ்ட்ராபெரி ஸ்டுடியோ. 10சிசி இசைக்குழுவில் நான்கு பேர். பாட்டு, 'ஐ ஆம் நாட் இன் லவ்'.

முதலில் போசா நோவா தாளத்தில் பதிவு செய்கிறார்கள். பிடிக்கவில்லை. நாடாவை அழித்துவிடுகிறார்கள்.

மெட்டு போக மறுக்கிறது. ஸ்டுடியோவில் வேலை செய்கிறவர்கள் அதையே முணுமுணுத்துக்கொண்டு திரிகிறார்கள்.

*

குரல்களாலேயே செய்து பார்க்கலாம் என்கிறார் நால்வரில் ஒருவரான கெவின் காட்லி.

அவர், லால் கிரீம், கிரஹாம் கூல்ட்மேன். மூன்று பேரும் பாடுகிறார்கள். ஒரே சுரம். மறுபடி அதே சுரம். 16 தடவை. 48 குரல்.

அப்புறம் அடுத்த சுரம்.

13 சுரங்கள். 624 குரல்கள்.

மூன்று வாரம். "ஆ" மட்டும்.

*

நம் இலக்கணத்தில் ஆ நெடில். இரண்டு மாத்திரை. இரண்டு முறை இமைக்கிற நேரம்.

இங்கே ஆறு நிமிடம்.

*

அந்தக் குரல்கள் பதிந்த நாடாவை வெட்டி, முனையோடு முனை ஒட்டி வளையமாக்குகிறார்கள். ஒட்டு ஓடிவரும்போதெல்லாம் ஒரு சின்ன இடறல் கேட்கும். அது அடிக்கடி வராமலிருக்க வளையத்தை நீட்டுகிறார்கள். சுமார் 12 அடி. இயந்திரத்தை விட்டு வெளியே போய், ஒரு மைக் ஸ்டாண்டைச் சுற்றித் திரும்பி வருகிறது நாடா.

மூச்சு வாங்காத குரல். அதற்குள் எங்கோ ஓர் ஒட்டு. தேடுகிறேன். கிடைக்கவில்லை. தேடுவது நின்றுபோகிறது.

*

மிக்சிங் மேசையில் ஒவ்வொரு சுரத்துக்கும், ஒலியைக் கூட்டிக் குறைக்க, ஒரு ஃபேடர். நான்கு பேரும் கை வைத்து ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். ஃபேடர்களின் அடியில் டேப் ஒட்டியிருக்கிறது, முழுதாக இறங்கிவிடாதபடி. எந்தச் சுரமும் முற்றாக அடங்குவதில்லை.

அந்த டேப் துண்டை எனக்கு அவ்வளவு பிடிக்கிறது.

*

இரண்டு வரிகளுக்கு நடுவே காதை வைக்கிறேன். ஒன்றுமில்லை என்று இத்தனை நாள் நினைத்த இடத்தில் 13 சுரங்களும் மெலிதாகக் கிடக்கின்றன.

*

நான்காமவர் எரிக் ஸ்டூவர்ட் பாடுகிறார். காதலே இல்லை என்கிறார். திரும்பத் திரும்ப.

அன்பை நீங்கள் வாய்விட்டுச் சொல்வதேயில்லை என்று அவருடைய மனைவி குறைப்பட்டிருக்கிறார். எந்நேரமும் சொன்னால் சொல் தேய்ந்துபோகும் என்பது இவர் எண்ணம்.

இல்லை என்று சொல்லும் குரலின் கீழே, விடாமல், அந்த ஆ.

*

நடுவில் எல்லாம் விலகுகிறது. ஒரு பெண் கிசுகிசுக்கிறாள். காதுக்கு மிக அருகே.

ஸ்டுடியோவில் வேலை பார்த்த பெண் அவர். ஒருநாள் கதவைத் திறந்து, போன் வந்திருக்கிறது என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். பதிவு நடக்கிற இடம், அதனால் தாழ்த்துகிறார். அந்தக் குரலையே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

*

1975 கோடையில் இரண்டு வாரம் பிரிட்டனில் முதலிடம்.

*

தேய்ந்து தேய்ந்து போகிறது. எந்த நொடியில் முடிந்தது என்று தெரியவில்லை.

ஹெட்போனைக் கழற்றவில்லை.

வாய் லேசாகத் திறந்திருக்கிறது.