சுடாத குடம்

ஆடி ஞாயிறுகளில் திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் பக்கம் வண்டி நகராது. எங்கும் வேப்பிலை, மஞ்சள், கூழ். அந்த நெரிசலில் மாட்டும்போதெல்லாம் பாட்டி சொன்ன ரேணுகா கதை ஞாபகம் வரும்.

ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா. தினமும் ஆற்று மணலில் குடம் பிடித்து, சுடாமலேயே அதில் நீர் மொண்டு வருவாள். கற்பின் வலிமையால் மணல் கரையாது. ஒருநாள் வானில் போன கந்தர்வனின் நிழல் தண்ணீரில் தெரிய, ஒரு கணம் ‘என்ன அழகு’ என்று நினைத்துவிட்டாள். குடம் கரைந்தது. தகப்பன் சொல்ல, மகன் பரசுராமன் அவள் தலையை வெட்டினான்.

“பஞ்சபூதம் பொய் சொல்லாதுடா” என்று பாட்டி முடிப்பாள்.

கிரேக்கத்து எம்பெடோக்ளிஸ் உலகை நான்கு பூதங்களின் கலவையாகப் பார்த்தார். அவற்றைச் சேர்ப்பது அன்பு, பிரிப்பது பகை என்றார். நம் கதைகளில் பூதங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெண்ணைச் சோதித்துச் சாட்சி சொல்வது. சீதைக்குத் தீ, ரேணுகாவுக்கு மண்ணும் நீரும். ஜமதக்னியின் மனசை எந்தக் குடமும் சோதிக்கவில்லை. சிஸ்டத்தில் ஒரே பகுதியை மட்டும் ஆயிரம் தடவை டெஸ்ட் பண்ணிவிட்டு ‘எல்லாம் சரி’ என்று ரிப்போர்ட் கொடுத்தால் எந்த ஆபீஸிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பாட்டி சொன்னது ஒருவகையில் சரிதான், குடம் பொய் சொல்லவில்லை. அவள் பார்த்தாள், ரசித்தாள் என்று மட்டும் சொன்னது. அது குற்றம் என்று சொன்னது முனிவர். சாட்சி வேறு, தீர்ப்பு வேறு. சீதைக்குத் தீ நல்ல சாட்சியே சொன்னது. இருந்தும் உத்தரகாண்டத்தில் அவள் காட்டுக்குத்தான் போகிறாள்.

ஜனங்கள் ஜமதக்னியைக் கும்பிடவில்லை, வெட்டுப்பட்டவளை மாரியாக்கினார்கள். குடியாத்தத்தில் வைகாசிதோறும் அம்மன் சிரசை ஊர்வலமாகக் கொண்டுபோய் வேறொருத்தியின் உடலில் பொருத்துகிறார்கள். மழையும் அம்மை நோயின் சூடும் அவள் கையில். கண்ணகி கதையிலும் தீ அவளைச் சோதிக்கவில்லை. யாரை விட்டுவிட வேண்டும் என்று அவள் சொல்ல, அது கேட்டுக்கொண்டது.

ஆனால் தெய்வமாக்கிவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? நேராகாது என்று நினைக்கிறேன். காலேஜ் படிக்கும்போது தங்கச்சியின் போனை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பார்த்தேன். ஒரு பையனோடு பேசியிருந்தாள், சிரித்திருந்தாள். அவ்வளவுதான். அப்பாவிடம் சொன்னேன். ஒரு வருஷம் அவள் கையில் போனே இல்லை. அந்த ஆடியிலும் குடும்பத்தோடு திருவேற்காட்டுக்குப் போய்க் கூழ் வாங்கிக் குடித்தோம்.

போனும் பொய் சொல்லவில்லை. தீர்ப்பு என்னுடையது. அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.