புதுச் சங்கம் ஆரம்பிக்கலாமா?

கல்லூரியில் பயிலும் வாலிபரே! "இருக்கிற சங்கங்களில் மனம் ஒட்டவில்லை, நாமே புதிதாக ஒன்றை ஆரம்பித்தால் என்ன?" என்று உமக்கும் உம் தோழருக்கும் தோன்றியிருக்கலாம். சங்கத்துக்குப் பெயரும் யோசித்திருப்பீர். (அதுதான் எப்போதும் முதலில் வருகிறது!) சற்றுப் பொறும்.

1997-ல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்ட பிரெடெரிக் ஓசானாம், பாரிஸ் நகரில் சட்டம் பயின்ற காலத்தில் மாணவர் கழகம் ஒன்றில் இருந்தார். சரித்திரமும் தத்துவமும் பேசும் கழகம். வேதத்துக்காக அங்கே திறமையாய் வாதாடினார். ஒரு நாள் எதிர்த்தரப்பார், திருச்சபை முன்பு செய்த நன்மையெல்லாம் சரி, இன்று நீங்கள் செய்வதென்ன என்று கேட்டுவிட்டார்கள். காலரா நோய் வந்து ஓராண்டே கழிந்திருந்த நகரம் அது. என்ன பதில் சொல்வது?

1833 ஏப்ரல் 23, அவருடைய இருபதாம் பிறந்த நாள். மாணவர் அறுவரும், பாய்யி என்ற பத்திராதிபரும் கூடினார்கள். இனி வாதமில்லை, ஏழைகளை அவர்கள் வீட்டிலேயே சந்திப்பது ஒன்றே வேலை. அதை எப்படிச் செய்வதென்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஏழைகளிடையே உழைத்த சகோதரி ரோசலி என்ற கன்னிகையிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள். நம் பங்குகளில் நாம் காணும் வின்சென்ட் தே பவுல் சபை இப்படித்தான் பிறந்தது.

இம்மட்டும் பலர் அறிந்ததே. நான் சொல்ல வந்தது அதன் பின் நடந்தது. எழுவரும் நெருங்கிய தோழர். எட்டாவது ஆளைச் சேர்க்கவே தயங்கினார்கள். சிநேகம் கெட்டுவிடும் என்ற பயம். ஆயினும் 1834 முடிவதற்குள் நூறு பேருக்கு மேலாயிற்று. டிசம்பரில் ஓசானாம், சபையைப் பிரித்துப் புதுக் கிளைகள் வைப்போம் என்றார். பெருஞ் சச்சரவு! கண்ணீர் விட்டவர்களும் உண்டு. நானாயிருந்தால் அவர்கள் பக்கமே பேசியிருப்பேன். வெளியூரிலிருந்து தனியே வந்த மாணவனுக்கு விசுவாசமுள்ள தோழர் கூட்டம் சாமானியமா? ஆனால் ஒரே அறையில் நூறு பேர் சேர்ந்திருப்பதால் அடுத்த வட்டாரத்து விதவைக்கு என்ன லாபம்? 1835-ல் பிரிந்தார்கள்.

தோழமைக்காகக் கூடுவதில் பாவமில்லை. அதற்கு இருக்கிற சங்கமே போதும், அல்லது விடுதித் திண்ணை போதும். உம் புதுச் சங்கம் பிறக்காமலே போனால், உம் கூட்டாளிகளைத் தவிர வேறு யாருக்கு நஷ்டம்? அப்படி ஒருவர் உண்டானால் முதலில் அவர் வீட்டுக்குப் போய்வாரும். பெயரைப் பின்பு பார்த்துக்கொள்ளலாம். ஓசானாமின் கூட்டத்தாரும் அர்ச். வின்சென்ட்டின் பெயரைப் பல மாதங்கள் கழித்தே வைத்துக்கொண்டார்கள்.