புண் ஆறுதலும் மனம் ஆறுதலும்

நம் ஊரில் ஒருவர் நோயுற்றுப் படுத்துவிட்டால் அவரைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. தோடம்பழம் கொண்டுவருவார்கள், நெஸ்டமோல்ட் கொண்டுவருவார்கள். கூடவே ஒரு வார்த்தையும் கொண்டுவருவார்கள். "எல்லாம் வினைப்பயன், அனுபவிச்சுத்தான் தீர்க்கவேணும்" என்பதே அந்த வார்த்தை. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். நம் சமயம் கூறும் உண்மையும் அதுவே. ஆயினும் ஓர் உண்மை எந்த இடத்தில், யாருக்கு, யார் வாயால் சொல்லப்படவேண்டும் என்பது வேறு கேள்வி. அக்கேள்வியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூன்றரை மாதம் சிந்திக்கும்படி எனக்கு நேர்ந்தது. ஆலய பரிபாலன சபையில் இருப்பவன் என்ற முறையில் இம்மலருக்கு ஆண்டுதோறும் ஏதாவது எழுதுவது வழக்கம். இம்முறை அதை எழுதலாம் என்று நினைத்தேன்.

2023ஆம் ஆண்டு தை மாத அறுவடையின்போது வரம்பில் நின்ற என் இடது கண்ணில், மெசின் தள்ளிய உமி ஒன்று வந்து அடித்தது. உமி அன்றே கழுவுப்பட்டுப் போய்விட்டது. மூன்றாம் நாள் கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் நீர் வடியத் தொடங்கியது. கறுப்பு விழியின் மேல் அரிசிக் குறுநொய் அளவில் ஒரு வெண்புள்ளி தெரிந்தது. நம் முன்னோர் இதைத்தான் கண்ணில் பூ விழுந்தது என்பார்கள். வைத்தியசாலையில் புண்ணிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பங்கசுத் தொற்று என்றார்கள். நெல், ஓலை, வைக்கோல் முதலியவற்றால் கண்ணில் கீறல் படும்போது இத்தொற்று வருவதுண்டு. ஆகவே உழவுத்தொழில் செய்யும் ஊர்களில் இது புதிய நோய் அன்று.

விழியின் முன்னால் கைக்கடிகாரத்துக் கண்ணாடி போல இருக்கும் படலத்தை விழிவெண்படலம் என்று பாடசாலையில் படித்திருப்போம். பெயரில் வெண்மை இருந்தாலும் அது தெளிவானது. நடுவில் அதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். அதற்குள் இரத்தக்குழாய்கள் இல்லை, இருந்தால் ஒளி தடைப்படும். அதற்கு வேண்டிய ஒட்சிசன் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து கண்ணீர் வழியாகக் கிடைக்கிறது. போசணை கண்ணுக்குள் இருக்கும் நீரிலிருந்து வருகிறது. கையில் வெட்டுப்பட்டால் இரத்தம் ஓடிவந்து செய்யும் வேலையைச் செய்ய அங்கே ஆளில்லை. மேல்பூச்சில் மட்டும் கீறல் என்றால் சில நாட்களில் மூடிவிடும். உள்ளே இறங்கிய புண்ணுக்கு வாரங்களும் மாதங்களும் வேண்டும். ஆறிய இடத்தில் தழும்பும் நிற்கும். இரத்தக்குழாய் இல்லாத அதே இடத்தில் நரம்பு நுனிகளோ உடலிலேயே மிக நெருக்கமாக உள்ளன. ஆறுவதற்கு வசதி குறைவு, நோவதற்கு வசதி அதிகம். படைத்தவனிடம் இதற்கு ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதலாம் என்று கூட ஓர் இரவு தோன்றியது. கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவனுக்கு அந்த யோசனைதானே வரும்.

நட்டமைசின் என்னும் துளிமருந்து தந்தார்கள். போத்தலை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கவேண்டும். விட்டபின் இமையோரம் திருநீறு ஒட்டியது போல வெள்ளையாகப் படியும். இது பழைய மருந்து. தமிழ்நாட்டு அரவிந்த் கண் வைத்தியசாலைகளில் 323 நோயாளரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து, 2013இல் வெளியானது. பங்கசுப் புண்ணுக்கு அதைவிடப் புதிய மருந்தொன்றிலும் இதுவே நல்ல பயன் தந்ததாக அதில் கண்டார்கள். வைத்தியசாலை விடுதியில் முதல் ஏழு நாட்கள் இரவு பகலாக மணிக்கொரு துளி. ஏழு நாளில் 168 துளி. வீட்டுக்கு வந்தபின் விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு துளி. என் மனைவி ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடிட்டு, நேரம் எழுதி, ஒவ்வொரு துளிக்கும் ஒரு சரி அடையாளம் போட்டார். கோப்பு ஒழுங்காக வைக்கும் பழக்கம் எனக்கு மட்டும் உரியது என்றுதான் அதுவரை அந்த வீட்டில் பேச்சு.

வலியைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. கண்ணுக்குள் மணல் கிடந்து அரைபடுவது போலவும், யன்னல் திரை அசைந்தால் வெளிச்சம் ஊசி போலக் குத்துவதாகவும் இருக்கும். ஆனால் வலியிலும் பெரிய சோதனை, நாளை இன்றையிலும் நன்றாக இருக்குமா என்பது தெரியாததுதான். காய்ச்சல் என்றால் வெப்பமானி சொல்லும். எலும்பு முறிந்தால் ஆறு கிழமை என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். இந்தப் புண் ஒரு கிழமை சிறுத்தது, அடுத்த கிழமை அப்படியே நின்றது. பத்து நாள் வலியில்லாமல் இருந்து, "இனிப் பயமில்லை" என்று மனம் சொன்ன மறுநாள் காலை இமை திறக்க முடியாமல் நோவெடுத்தது. பார்ப்பவர்களுக்கோ ஒன்றும் தெரியாது. சிவப்புக் குறைந்த பிறகு, "வெளியால பாக்க நல்லாத்தானே இருக்கு அண்ணை" என்றார்கள். கட்டுப் போட்ட காலுக்கு ஆசனம் கிடைக்கும், வெளியே தெரியாத நோவுக்கு யாரும் எழுந்து இடம் தருவதில்லை.

தமிழில் புண் ஆறுவதற்கும், மனம் தேறுவதற்கும், ஒருவருக்குத் தேறுதலான வார்த்தை சொல்வதற்கும் ஆறுதல் என்ற ஒரே சொல்தான் உண்டு. பொறுமையாக இரு என்பதற்கு ஆறியிரு என்கிறோம். முன்னோர் இவற்றை ஒன்றாக வைத்தது தற்செயலாக இருக்க முடியாது என்று எனக்குப் படுகிறது. புண் ஆறாதபோது மனமும் ஆற மறுக்கிறது. அந்த நேரத்தில் வந்து சேருகிற வார்த்தை மருந்தாகவும் அமையலாம், உமியாகவும் அமையலாம்.

இனி வினைப்பயனுக்கு வருகிறேன். சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுக்கிறது. தொகுக்கப்பட்டுக் கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறப்பில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். அதை அனுபவிக்கும்போது புதிதாக ஏறுவது ஆகாமியம். நோயாளியைப் பார்த்து "இது உன் வினை" என்று சொல்பவர் நோயாளியின் பிராரத்தத்தைப் பற்றிப் பேசுகிறார். அந்த நேரத்தில் அவர் சொல்லும் சொல் அவருடைய ஆகாமியம் அல்லவா? அதை அவர் நினைப்பதில்லை. பிறர் கணக்கைத் தணிக்கை செய்பவர் தம் கணக்கில் வரவு வைக்கப்படுவதைப் பார்க்கத் தவறுகிறார். என் வலியை என் வினை என்று நான் நினைத்துக்கொண்டால் அதில் ஒரு பணிவு உண்டு. சில இரவுகளில் அந்த நினைவு எனக்குத் துணையாகவும் இருந்தது. அதே வாக்கியம் இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. நோயாளி மறுமொழி சொல்ல முடியாத குற்றப்பத்திரிகை அது, சாட்சிகள் எல்லாம் முற்பிறப்பில் இருக்கிறார்கள்.

இதில் திருஞானசம்பந்தர் நமக்கு வழிகாட்டியிருக்கிறார். இன்று திருச்செங்கோடு எனப்படும் கொடிமாடச்செங்குன்றூரில் அவர் தங்கியிருந்தபோது பனிக்காலம் வந்து, கூடவிருந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அப்போது அவர் பாடியதே திருநீலகண்டப் பதிகம். இது இன்ன வினையின் பயன் என்று சொல்லத் தெரிந்தவர்கள், பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது குறையல்லவா என்று அதன் முதற்பாட்டிலேயே கேட்கிறார். வினை இல்லையென்று அவர் சொல்லவில்லை. வினையைச் சொல்லிக்கொண்டு கைகட்டி இருப்பதைத்தான் கண்டிக்கிறார். இப்பதிகத்தை நம்மவர் பலர் நோய் நீங்கவேண்டி ஓதுகிறார்கள். ஓதிவிட்டு வந்து அந்த முதற்பாட்டு மறுத்ததையே கட்டிலருகே சொல்கிறார்கள்.

வழிதேடுவது என்றாலும் எந்த வழி என்ற கேள்வி உண்டு. தாய்ப்பால் விடச் சொன்னவர்கள் மூவர். நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடச் சொன்னவர்கள் அதிலும் கூட. புண்பட்ட கண்ணில் இவற்றை விட்டால் புதிய கிருமிகள் போய்ச் சேரும் என்று வைத்தியர் கண்டிப்பாகக் கூறியிருந்தார். கண் சிவந்தால் மருந்துக்கடையில் ஏதாவது துளிமருந்து வாங்கி விடுவதும் நம்மிடையே உண்டு. ஸ்டீரொயிட் கலந்த துளியாக அது அமைந்தால் சிவப்புக் குறையும், உள்ளே பங்கசு வளரும். மலர் வாசிக்கும் கமக்காரர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வைக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

எனக்கு ஆறுதல் தந்தவர் ஒருவரைச் சொல்லவேண்டும். பஸ் சாரதியாக இருந்து ஓய்ந்தவர், எங்கள் ஒழுங்கையில் இருப்பவர். கோயிலுக்குத் தேரன்றைக்குத்தான் வருவார். அவர் மத்தியானம் 2 மணிக்கு வந்து, இருட்டறையில் ஒரு கதிரையில் இருப்பார். என் மனைவி சற்றுக் கண்ணயர்வார். 2 மணித் துளியும் 4 மணித் துளியும் அவர் கையால். இடையில் கதவிடுக்கு வெளிச்சத்தில் பத்திரிகையின் மரண அறிவித்தல்களை எனக்கு வாசித்துக் காட்டுவார். வேறு பேச்சில்லை. நோயைப் பற்றி ஒரு நாளும் அவர் விளக்கம் சொன்னதில்லை, சுகமாகும் என்று உறுதி கூடச் சொன்னதில்லை. கொப்பியில் சரி அடையாளம் போட்டுவிட்டுப் போவார். சித்தாந்தம் படித்த நண்பர்கள் வந்து போனபின் எனக்கு ஏற்பட்ட களைப்பு அவர் வந்து போனபின் ஏற்பட்டதில்லை. இதை அந்த நண்பர்கள் வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அவர்கள் பொறுப்பார்கள்.

எமது ஆலயப் புராணபடனத்தில் வாசிப்பவன் நான். அவ்வாண்டு வாசிக்க முடியவில்லை. என்னிடம் பழகிய இளைஞர் ஒருவர் வாசித்தார். பின்வீதிப் பக்கம் வெளிச்சம் படாத தூணருகே இருந்து கேட்டேன். சுந்தரர் கண்ணிழந்து பெற்ற வரலாறு பெரியபுராணத்தில் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தினுள் வருகிறது. பலமுறை வாசித்த பகுதிதான். வாசிப்பவன் அடுத்த வரியைப் பார்க்கிறான், கேட்பவன்தான் நிற்கிறான் போலும். சங்கிலியாருக்குக் கொடுத்த சபதத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததால் சுந்தரர் இரு கண்ணும் இழந்தார். திருவெண்பாக்கத்தில் இறைவன் கொடுத்தது கண் அல்ல, ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண். வலக்கண் திருவாரூரில்தான். தம்பிரான் தோழருக்கே ஒரே நாளில் கிடைக்கவில்லை. காஞ்சியிலிருந்து திருவாரூர் வரை அவர் ஒற்றைக் கண்ணோடு நடந்திருக்கிறார், தலந்தோறும் பாடியிருக்கிறார். திருவாரூரில் பாடிய பதிகத்தில் அடியாருக்கு இப்படிச் செய்யலாமா என்று உரிமையோடு கோபிக்கவும் செய்கிறார். நோயில் முறையிடுவது பக்திக்குக் குறைவு என்று எண்ணி வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் அப்பதிகத்தை ஒருமுறை பொருளோடு படிக்கவேண்டும்.

சுந்தரர் கண்ணிழந்ததற்குக் காரணம் சேக்கிழார் சொல்லி நமக்குத் தெரியும். அயல்வீட்டுக்காரர் கண்ணுக்கு வந்ததன் காரணம் சொல்ல நம்மிடம் சேக்கிழார் இல்லை.

ஊன்றுகோலைப் பற்றித்தான் நான் அதிகம் நினைத்தேன். கண் கேட்டவருக்குக் கோல் கிடைத்தால் அதை எறியவும் மனம் வரும். சுந்தரர் அதை ஊன்றி அடுத்த தலத்துக்கு நடந்தார். மணிக்கொரு துளி என்பதும் அப்படிப்பட்ட கோல்தான். 169ஆவது துளி 168ஆவதை விட எதையும் கூடுதலாகக் காட்டுவதில்லை. பலன் தெரியாமல் செய்யவேண்டியதைச் செய்வது பற்றிக் கீதை விளக்கங்களில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஒரு சிறு போத்தலைக் குலுக்கிக்கொண்டு அதைச் செய்வது வேறு.

சித்திரைக் கடைசியில் புண் மூடிவிட்டதாக வைத்தியர் கூறினார். தழும்பு விழியின் நடுவுக்குச் சற்று வெளியே நிற்கிறது. பார்வையை மிகவும் மறைத்தால் மாற்றுப் படலம் வைக்கலாம் என்றும் கூறினார். மனிதரில் முதன்முதல் வெற்றிகரமாக இது செய்யப்பட்டது 1905இல், எட்வார்ட் சிர்ம் என்பவரால். அவ்விடத்தில் இரத்தக்குழாய் இல்லாததால், பிறருடைய படலத்தைப் பிறவுறுப்புகளை விட எளிதாக உடல் ஏற்றுக்கொள்கிறது. புண்ணை மெதுவாக ஆற வைத்த அதே குறை, இன்னொருவர் கொடையை வாங்கிக்கொள்ளும் குணமாகவும் இருக்கிறது. நம் நாட்டில் வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தான சங்கத்தை நிறுவினார். 1964இல் முதன்முறையாகச் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அதன்பின் எத்தனையோ நாடுகளுக்குச் சென்றுள்ளன. கண்ணப்பர் குருபூசையைச் சிறப்பாகச் செய்யும் நம்மிடையே அதற்குப் பெயர் எழுதியவர்கள் குறைவு. நானும் மனைவியும் எழுதியிருக்கிறோம்.

எனக்கு மாற்றுப் படலம் இதுவரை தேவைப்படவில்லை. இடது கண்ணால் மட்டும் பார்த்தால் பெரிய எழுத்துத்தான் தெரியும், மூலஸ்தானத்துத் தீபம் ஒன்று மூன்றாக விரியும். புராணத்தை அந்த இளைஞரே தொடர்ந்து வாசிக்கிறார், நான் பயன் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். அடுத்தது ஆடியில்.