பஸ்கி மட்டும் போதாது

ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகிறது. அதைச் சுற்றியுள்ள வயல்களில் கரும்பு வெட்டுபவரைக் கவனியுங்கள். அடிக்கரும்பில்தான் இனிப்பு அதிகம்; அதனால் தரையோடு ஒட்ட வெட்டியாக வேண்டும். முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, இடுப்பிலிருந்து குனிகிறார். பின்தொடைத் தசை புடைக்க இழுபடுகிறது. நிமிரும் ஒவ்வொரு முறையும் அந்தத் தசைதான் உடம்பைத் தூக்கி நிறுத்துகிறது.

அவரே வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து எழும்போது வேலையின் பெரும்பங்கு முன்தொடைக்கும் பிட்டத்துக்கும் போய்விடுகிறது. காரணம் எளியது. பின்தொடைத் தசைகளில் பெரும்பாலானவை இடுப்பு, முழங்கால் என இரண்டு மூட்டுகளைத் தாண்டிச் செல்பவை. உட்காரும்போது இடுப்புப் பக்கம் நீள்கின்றன, முழங்கால் பக்கம் சுருங்குகின்றன. மொத்த நீளம் அவ்வளவாக மாறுவதில்லை; அதனால் அவற்றுக்கு வேலை குறைவு. முன்தொடையின் நடுவில் ஓடும் தசைக்கும் இதே கதைதான்.

நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையை முன்தொடையிலும் மறுகையைப் பின்தொடையிலும் வைத்துக்கொண்டு எழுந்து பாருங்கள். எதிரெதிர் வேலைக்கு உரிய இரண்டும் ஒன்றாக இறுகும். அமெரிக்க உடலியல் அறிஞர் லொம்பார்ட் 1903-இல் இந்தப் புதிரைத்தான் ஆராய்ந்தார்.

தசையின் நீளம் ஏன் முக்கியம் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 20 பேர், 12 வாரம். ஒரு காலை உட்கார்ந்த நிலையிலும், மற்றதைக் குப்புறப் படுத்த நிலையிலும் எடைக்கு எதிராக மடக்கினார்கள். உட்கார்ந்து மடக்கிய காலின் பின்தொடை 14 சதவீதம் வளர்ந்தது. படுத்து மடக்கியதில் 9 சதவீதம். உட்காரும்போது இடுப்பு மடங்கி, தசை நீண்ட நிலையில் உழைக்கிறது. முழங்காலை மட்டும் தாண்டும் சிறு தசைக்கோ இரண்டு முறையிலும் ஏறக்குறைய ஒரே பலன்.

எனவே பஸ்கியையும் தோப்புக்கரணத்தையும் விடாதீர்கள். ஆனால் அவற்றோடு நின்றுவிடவும் வேண்டாம். பின்தொடைக்கு, முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிருங்கள். முன்தொடையின் நடுத்தசைக்கு, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒவ்வொரு காலாகத் தூக்கி இறக்குங்கள். மேசைமுன் நாளைக் கழிப்பவருக்கு இவை அவசியம். நாள் முழுக்கக் குனிந்து வெட்டுபவருக்கோ கூடுதல் பயிற்சி வேண்டாம். அவ்வப்போது நிமிர்ந்து நிற்க இடைவேளைதான் வேண்டும். வேலை கொடுப்பவர்கள் அதைத் தாராளமாகக் கொடுங்கள்.