அவருக்கு ஊர், எனக்கு வீடு

எங்கள் இராமநாதபுரம் பக்கத்தில் கல்யாணமான ஆண் தன் பெற்றோரைப் பார்க்கக் கிளம்பினால் "ஊருக்குப் போறான்" என்பார்கள். பெண் கிளம்பினால் "அம்மா வீட்டுக்குப் போறா" என்பார்கள். அவள் பிறந்து வளர்ந்த தெரு, படித்த பள்ளிக்கூடம், தோழிகள், கடற்கரை எல்லாம் தாலி ஏறிய மறுநாளே ஒரு வீடாகச் சுருங்கிவிடுகின்றன. தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் அந்த வீடும் "தம்பி வீடு" ஆகிவிடும்.

வினைச்சொல்லும் மாறுகிறது. கணவனின் உறவுகளைப் பார்ப்பது "போகணும்". மனைவியின் உறவுகளைப் பார்ப்பது "போயிட்டு வரட்டுமா?" முதலாவது கடமை, இரண்டாவது அனுமதி. பேருந்தும் கட்டணமும் களைப்பும் இரண்டுக்கும் ஒன்றுதான். பிறகு ஏன் ஒன்று மட்டும் கடமை ஆயிற்று? திருமணம் ஒரு பெண்ணின் மீது அப்படியொரு கடமையைச் சுமத்த முடியுமா?

என் இணையரின் குடும்பம் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறது. தை பிறந்தால் நாங்கள் போக வேண்டும். இராமநாதபுரத்திலிருந்து மதுரை, அங்கிருந்து கோயம்புத்தூர், பிறகு மேட்டுப்பாளையம், அதற்கு மேல் மலை. பயணம் ஒரு பகலும் ஓர் இரவும் என்று அவர் சொல்வார். என் கணக்கில் அது ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். முண்டு மிளகாய் காயவைத்து எடுக்க வேண்டும். நெத்திலிக் கருவாட்டை வாடை வராமல் பொதிய வேண்டும். கருப்பட்டி, பனங்கிழங்கு, யாருக்கு என்ன சேலை, எந்தக் குழந்தைக்கு எந்த அளவு ஸ்வெட்டர், மலைப்பாதை வளைவில் வாந்தி எடுக்கும் மகளுக்கு எலுமிச்சம்பழம். போய்ச் சேர்ந்ததும் அவர் வெயிலில் நாற்காலி போட்டு உட்காருவார், மகன் வந்திருக்கிறான். நான் அடுக்களைக்குள் போவேன், மருமகள் வந்திருக்கிறாள்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர்தான் விழும். உறவைப் பேணப் பெண்கள் செய்யும் இந்த வேலைக்கு அரைப் பேரும் விழுவதில்லை. இதை வேலை என்று யாரும் எழுதிவைப்பதே இல்லை.

ஆகவே "இனி நான் வரமாட்டேன், உங்கள் உறவு, நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்வது நியாயமான பதிலாகத்தான் தெரிகிறது. கணக்குப்படி அதில் பிழை இல்லை. அந்தப் பதிலைச் சொல்லவிடாமல் என்னை நிறுத்துவது பாதையின் மறுமுனையில் காத்திருக்கும் என் மாமியார்.

அத்தை பிறந்தது இலங்கையின் மலையகத்தில், அட்டன் அருகே ஒரு தோட்டத்து லயத்தில். அவருடைய முன்னோர் எங்கள் கரையின் வழியாகத்தான் போனவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குப் போன ஆண்களும் பெண்களும் தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தவர்கள் ஏராளம். காப்பி போய்த் தேயிலை வந்தது. தலைமுறைகள் அங்கேயே பிறந்தன. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று கணக்கு. அதே ஆண்டு டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் திரும்பி வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாம் அவர்களுக்குத் தங்குமிடமானது. ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளை நோய்ச் சோதனைக்காக நிறுத்திவைத்த அதே முகாம். அங்கிருந்து பலர் நீலகிரிக்குப் போனார்கள். தாயகம் திரும்பியோருக்கென்று அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் பின்னாளில் 'டான்டீ' ஆயின.

1970களில் மாமனார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அத்தை அவரோடு வந்தார். அத்தையின் அக்காள் கணவர் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அக்காள் அங்கேயே நின்றார். "எங்க ரெண்டு பேரையும் யாரும் கேக்கல புள்ள. அவங்க அவங்க புருசன் எழுதுன பக்கம் நாங்க போனோம்" என்பார் அத்தை. போர் வந்து இராமேஸ்வரம் கப்பலும் நின்றது. பிறகு கடிதம், பிறகு அதுவும் குறைந்து, இப்போது பேத்தியின் செல்பேசியில் எப்போதாவது முகம் பார்ப்பது. நான் முதன்முதலாகப் போனபோது, "உங்க ஊரு வெயிலத்தான் இந்தியாவுல மொதல்ல பார்த்தேன்" என்றார். மண்டபத்தைப் பற்றி அவருக்கு நினைவிருப்பது தண்ணீர் வரிசையும் அந்த வெயிலும்தான்.

சட்டப் புத்தகமும் எங்கள் தெருப் பேச்சும் ஒரே இலக்கணத்தில்தான் பேசியிருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டப்படி வம்சாவளிக் குடியுரிமை தந்தை வழியாகவே கிடைத்தது. தாய் வழியாகவும் கிடைக்கும் என்று மாற 2003 ஆனது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமையும் 1992 வரை தந்தை வழியாகத்தான் வந்தது. "அவன் ஊர்தான் உன் ஊர்" என்று வீட்டில் பாட்டி சொன்னதை அரசு முத்திரை குத்திச் சொன்னது, அவ்வளவுதான்.

இது இயற்கை விதி, பெண் என்றால் போகிறவள்தான் என்பார்கள். எங்கள் மாவட்டத்திலேயே, கீழக்கரை முஸ்லிம் குடும்பங்களில், மகளுக்கு வீடு கொடுத்து அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை வருவது நெடுநாள் வழக்கம். காயல்பட்டினத்திலும் அப்படியே. அங்கே பெண் தன் தாயை விட்டுப் போவதில்லை. அதனாலேயே அங்கு பெண்ணின் சொல் அம்பலம் ஏறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் யார் போவது, யார் இருப்பது என்பது மனிதர்கள் போட்ட ஏற்பாடு என்பது அங்கே தெரிகிறது. ஏற்பாட்டை மாற்றலாம்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அத்தையைப் பார்க்கப் போக நான் கடமைப்பட்டவளா? மனைவி என்பதால் இல்லை என்றே நினைக்கிறேன். தாலி ஒருவரோடு செய்துகொண்ட உறவு. அதை வைத்து அவருடைய கிளை முழுவதற்கும் என் உழைப்பை எழுதி வாங்க முடியாது. என் பேறுகாலத்தில் அத்தை மலையிலிருந்து இறங்கி இந்தப் புழுக்கத்தில் நாற்பது நாள் என்னோடு இருந்தார். ராத்திரியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னைத் தூங்கச் சொன்னார். அதனால் எனக்கு அவர் மீது கடன் உண்டு. அது ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் பட்ட கடன். அவருடைய மகன் நாளை என்னை விட்டுப் போனாலும் அது தீராது. அதேபோல் என் கைச்சோற்றை இருபது வருடம் சாப்பிட்டும் என் பெயரைக் கேட்டறியாத பெரியப்பாவுக்கு நான் கருவாடு பொதிய வேண்டியதில்லை. அவருக்குச் செய்வது இணையரின் பொறுப்பு. யாருக்கு என்ன அளவு ஸ்வெட்டர் என்பதை அவரும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பாசத்தில் கணக்கு எதற்கு என்று கேட்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் வரவு வைத்திருப்பவர்கள். எங்கள் குடும்பங்களில் கணக்கு எப்போதும் இருக்கிறது: தலைப்பொங்கல் சீர், தாய்மாமன் செய்முறை, மொய் நோட்டு. ரூபாய்க்கு நோட்டு வைத்திருக்கும் வீட்டில் பெண்ணின் பயணத்துக்கும் உழைப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் பாசம் கெட்டுவிடாது.

"வரமாட்டேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் பெரியப்பாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அத்தை. ஒரு நியாயமற்ற ஏற்பாட்டை எதிர்க்கும்போது அடி யார் மீது விழுகிறது என்று பார்ப்பதும் பெண்ணியத்தின் வேலைதான். அதற்காகப் பழையபடியே சுமந்துகொண்டிருக்கவும் வேண்டியதில்லை. போகலாம், மூட்டையை இருவரும் கட்டலாம், ஒரு தை அங்கே என்றால் மறு தை இங்கே என்று வைக்கலாம். "போயிட்டு வரட்டுமா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "நான் ஊருக்குப் போறேன்" என்று சொல்லலாம்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. எங்கள் வீட்டில் இத்தனை வருடமாக யார் யார் பயணத்துக்கோ பணம் புரட்டியிருக்கிறோம். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு வேன் பிடித்தோம். திருப்பதி போனோம். அத்தை தன் அக்காளைப் பார்க்கப் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை, கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம் சொச்சம். அங்கிருந்து அட்டனுக்கு மலைப்பாதை. அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, அக்காளுக்கு இன்னும் கூட. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அத்தை தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சேர்த்தே சொன்னார். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு எழுத்துத் தடுமாறவில்லை.