தொழுவத்தில் காக்கும் விரதம்





மாட்டுப் பொங்கலன்று நாம் ஆவினத்தை நீராட்டி, கொம்புகளுக்கு வண்ணம் தீட்டி, மஞ்சள் குங்குமமிட்டு, பொங்கல் ஊட்டி மகிழ்கிறோம். அன்று நாம் காட்டும் அன்பு பொய்யன்று. ஆயினும் ஏனைய நாட்களில் அவ்வன்பு விழிப்புடன் இருக்கிறதா என்பதே இவ்விதழில் யாம் சிந்திக்க விழையும் பொருளாகும். ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றுக் களமருதூரில் வாழ்ந்துவரும் யாம் பிறர் குற்றம் கூற முன்வரவில்லை. எம் தொழுவத்தில் எம்மால் நிகழ்ந்த குற்றத்தையே முதற்கண் கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் வீட்டுப் பசுவிற்கு, கன்று ஈன்ற மூன்றாம் திங்களில் மடிநோய் கண்டது. மடியின் ஒரு பகுதி கல்லாய் இறுகிக் கொதித்தது. பால் திரிதிரியாக வந்தது. கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். "ஐந்து நாட்கள் தொடர்ந்து போட வேண்டும், கடைசி ஊசிக்குப் பின்னும் நான் சொல்லும் நாள்வரை பாலை யாருக்கும் கொடுக்க வேண்டாம்" என்று எச்சரித்தும் சென்றார். மூன்றாம் நாளே வீக்கம் வடிந்தது. வாயில்லாச் சீவனை இன்னும் ஏன் குத்த வேண்டும் என்று இரங்கி, யாம் ஊசியை நிறுத்திவிட்டோம். பாலை மண்ணில் கொட்டுவது பாவமென்று எண்ணி, அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். ஒரு செம்பு பாலைத் திருக்கோயில் அபிடேகத்திற்கும் அனுப்பினோம். எஞ்சிய மருந்தை மாடத்தில் பத்திரப்படுத்தினோம்.

ஒரு திங்கள் கழிந்தது. நோய் மீண்டது. மருத்துவரை அழையாமல், ஊசி போடத் தெரிந்த ஒருவரைக் கொண்டு மாடத்து மருந்தைச் செலுத்தினோம். வாயிலில் கிடந்த நாய்க்கு மேலெல்லாம் புண் கண்டபோது, வீட்டில் யாரோ உண்டு எஞ்சிய மாத்திரைகளைத் தயிர்ச்சோற்றில் பிசைந்து வைத்தோம். இவையெல்லாம் ஔடத தானம் என்றே எண்ணிப் பெருமிதம் கொண்டோம்.

மூன்றாம் முறை நோய் வந்தபோது எந்த ஊசியும் பலிக்கவில்லை. மருத்துவர் பாலைச் சோதனைக்கு அனுப்பினார். முன்பு கொடுத்த மருந்துக்கு அந்நுண்ணுயிர் இப்பொழுது அடங்கவில்லை என்று முடிவு வந்தது. அம்மருத்துவர் இளமையில் எம்மிடம் பயின்றவர். "அம்மா, கணக்கைப் பாதியில் விட்டு எழுந்தால் அன்று நீங்கள் எங்களை விட்டீர்களா? மருந்துக் கணக்கை மட்டும் ஏன் பாதியில் விட்டீர்கள்?" என்று பணிவாகக் கேட்டார். எம்மிடம் விடையில்லை. பசுவின் ஒரு காம்பு நிலையாக அடைபட்டுப் போயிற்று.

அன்பர்களே! இதன் காரணத்தை எளிமையாகக் கூறுவோம். மக்கள் ஆண்டிபயாடிக் என்று வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, உடலுட் புகுந்த பாக்டீரியாக்களை அழிக்கிறது அல்லது பெருகவொட்டாமல் தடுக்கிறது. கோடிக்கணக்கான அவ்வுயிர்களுள் ஒருசில, மருந்தைத் தாங்கும் இயல்பைப் பெற்றிருக்கக்கூடும். வேண்டாத இடத்தும், குறைந்த அளவிலும், அடுத்தடுத்தும் மருந்தைச் செலுத்துங்கால் எளியவை மடிய, வலியவை எஞ்சிப் பெருகுகின்றன. ஏற்ற சூழலில் சில வகை பாக்டீரியாக்கள் 20 நிமிடங்களில் ஒன்று இரண்டாகின்றன. அதனினும் வியப்பு, ஒருவகை பாக்டீரியா தன் எதிர்ப்புத் திறனை வேறுவகை பாக்டீரியாவிற்கும் வழங்கவல்லது. ஆகவே மாட்டின் மடியிலும் நாயின் தோலிலும் வளர்ந்த எதிர்ப்பு அங்கேயே நிற்பதில்லை. கறப்பவர் கைக்கும், சாணத்தின் வழியே எருவுக்கும், வயலுக்கும், நீர்நிலைக்கும் அது செல்லும். நம் மாவட்டத்துக் கல்வராயன் மலையினின்று இறங்கிவரும் கோமுகி ஆறு ஊர்ப் பெயர் கேட்டு ஓடுவதில்லை; மழை நீர் கழுவித் தருவதையெல்லாம் சுமந்தே ஓடும்.

பெனிசிலினை 1928-இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசேற்று ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்பது எதிர்ப்பை வளர்க்கும் என எச்சரித்தார். உலகம் செவிசாய்க்கவில்லை. நோயே இல்லாத கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் விரைந்து கொழுக்கும் பொருட்டுத் தீவனத்தில் மருந்தைக் கலந்தனர். மனிதர்க்குக் கடைசிப் புகலிடமாக வைத்திருந்த கொலிஸ்டின் என்னும் மருந்தும் தப்பவில்லை. அதனை எதிர்க்கும் திறன், பாக்டீரியாக்களிடையே எளிதில் கைமாறும் வடிவில் சீன நாட்டுப் பன்றிகளிடம் காணப்பட்டமை 2015-இல் வெளிவந்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அம்மருந்தை வழங்குவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் அந்த 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் மக்கள் மாண்டனர் என அறிஞர்கள் கணித்துள்ளனர்.

இனி, நம் சமயத்தார்க்கே உரிய ஐயம் ஒன்று உண்டு. நம்முள் பெரியவர் ஒருவர் எம்மிடம் வினவினார்: "நுண்ணுயிரும் உயிரன்றோ? கொல்லி என்று பெயர் பெற்ற மருந்தைக் கையால் தொடலாமா? பசுவை அதன் வினைப்படி விட்டுவிடுவதன்றோ நன்று?"

இவ்வையம் எள்ளற்குரியதன்று, உயிர்க்கு அஞ்சும் உள்ளத்தில் பிறந்தது. ஆயினும் இல்லறத்தார்க்கு வகுத்தது அணுவிரதம். துறவியர்க்குரிய மகாவிரதத்தை அளவுகோலாகக் கொண்டு, ஐயறிவுடைய பசு வலியில் துடிப்பதைப் பார்த்திருத்தல் அருளாகாது. தத்துவார்த்த சூத்திரம் இம்சையை விளக்குமிடத்து, பிரமாதம் என்னும் அசட்டையால் உயிருக்குக் கேடு செய்தலையே இம்சை என்கிறது. கொல்லாமை அணுவிரதத்திற்கு அந்நூல் கூறும் ஐந்து அதிசாரங்களோ கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன. இவை ஐந்தும் நம் தொழுவத்து வாயிலில் நின்று நம்மை வினவுவனவாகவே உள்ளன. எனவே, மருந்தைத் தொடலாமா என்பதோடு நில்லாது, அசட்டையின்றித் தொட்டோமா என்றும் நாம் கேட்டல் வேண்டும். மருந்தை முற்றும் மறுத்தலும் ஒரு முனை. கண்டதற்கெல்லாம் மருந்தை இறைத்தல் மறுமுனை. இரண்டிலும் உயிர் நோகிறது.

எம் செயலை விரதங்களின் ஒளியில் வைத்துப் பார்த்தோம். பாதியில் நிறுத்தியதால் பசுவை மும்முறை நோகச் செய்தோம், பயனின்றிக் கோடானுகோடி நுண்ணுயிர்களையும் அழித்தோம், கொல்லாமை பிழைத்தது. மருந்தேறிய பாலை நல்ல பாலெனக் கொடுத்தோம், காய்ச்சினாலும் மருந்தின் எச்சம் முற்றும் அழிவதில்லை, பொய்யாமை பிழைத்தது. நாளை பிறக்கும் குழந்தைக்கும் கன்றுக்கும் உதவ வேண்டிய மருந்தின் ஆற்றலை இன்றே வீணாக்கினோம், கள்ளாமையும் பிழைத்தது. அருகன் திருமேனியில் சொரிய அனுப்பிய அந்த ஒரு செம்பு பாலை நினைக்குந்தோறும் எம் நெஞ்சு இன்றும் கூசுகிறது.

வினைக்கொள்கையில் செறிப்பு, உதிர்ப்பு என இரண்டுண்டு. புதுவினை வாராமல் அடைப்பது செறிப்பு. வந்த வினையைக் கழிப்பது உதிர்ப்பு. வாயிலை அடைக்காமல் வீட்டுக்குள் புகுந்த நீரை இறைப்பவன் என்று கரையேறுவான்? நோய்க்கும் அதுவே நெறி. தொழுவத்தின் தரை ஈரமின்றி இருக்கட்டும். கறப்பதற்கு முன் கையையும் மடியையும் கழுவித் துடைப்போமாக. கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்காமல், முழுக்கையால் கறப்போமாக. கறந்தபின் காம்பின் துளை உடனே மூடுவதில்லை. ஆதலின் தீவனம் வைத்துப் பசுவை அரைமணி நேரமாவது படுக்காமல் நிற்கச் செய்தல் நலம். நோயுற்ற பசுவைக் கடைசியில் கறக்க வேண்டும்.

மடிநோயின் தொடக்கத்திற்கு நம் தமிழகமே வழி காட்டியுள்ளது. தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி அவர்கள் மரபு மருத்துவத்தை ஆராய்ந்து பரப்பிய முறை இது: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து, கழுவிய மடியில் ஒரு நாளில் பலமுறை பூசுதல். தேசிய பால்வள வாரியமும் இதனைப் பரப்பி வருகிறது. தொடங்கும்போதே மருத்துவரிடம் காட்டி, அவர் சொற்படி இதனைக் கைக்கொள்க. கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்னும் எண் உள்ளது. ஊசி வேண்டுமென்று மருத்துவர் கூறின், அவர் கூறிய அளவும் நாளும் குறையாது செலுத்துக. அவர் விலக்கிய நாட்களில் பாலை விற்கவோ, கொடுக்கவோ, கன்றுக்கு ஊட்டவோ வேண்டா. அட்டையில் சிவப்புக் கோடிட்ட மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி வாங்கவும், எஞ்சியதை நாய்க்கு இடவும் வேண்டா.

உயிர் பிரியும் நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரம் ஓதியதைத் திருத்தக்க தேவர் பாடியுள்ளார். அந்நாயே சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. வாயிலில் கிடக்கும் உயிரையும் தன் உயிர்போல் மதித்த மரபு நம்முடையது. அம்மரபினர், கைக்குக் கிடைத்த மாத்திரையை எறிந்துவிட்டு அருள் செய்தோம் என்று அமைதல் தகுமோ?

காம்பு அடைபட்ட பின் எம் பசுவை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். எங்கே கொண்டு செல்வாரென்பது எமக்குத் தெரியும், கொடுக்க மறுத்தோம். மூன்று காம்புகளுடன் அது எம் தொழுவத்திலேயே நிற்கிறது. நாள்தோறும் அதன் மடியைக் கழுவும்போது எம் அசட்டையை நினைக்கிறோம். அந்நினைவே எமக்குப் பிராயச்சித்தம். இதனைப் படிக்கும் இல்லங்களில் ஒரு பசுவேனும் நான்கு காம்புகளுடன் நலமாய் நிற்குமாயின், எம் பிழையும் ஒரு பயன் பெற்றதாகும்.

அறம் பெருகுக! அனைத்துயிரும் நோயின்றி வாழ்க!